காக்காப் பெட்டி

"ரம்பத்தைக் கீழ வை" என்றாள் அவள்.

தம்பி வைக்கவில்லை. அந்த மரப்பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு, எந்த இடத்தில் அறுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டிக்குள்ளே, உடைத்துப் போட்ட டாக்சி ஒன்றிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த சீட்டில், அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. முழங்கால்கள் இரண்டும் முன்பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தன. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் டாக்டர் வந்து, அவர் காதிலிருந்த ஹெட்செட்டை இழுத்துக் கழுத்தில் விட்டு, நாடி பார்த்து, கண்ணைத் திறந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார்.

"அக்கா, டாக்டர் சொன்னாருல்ல? உடம்பு விறைக்கிறதுக்குள்ள நீட்டிப் படுக்க வெச்சிடணும். இல்லன்னா அப்புறம்..." தம்பி மிச்சத்தைச் சொல்லாமல் அவள் மகனைப் பார்த்தான். மகன் சுவரைப் பார்த்தான்.

"அறுத்தா உடைஞ்சிடும்."

"உடைஞ்சா என்னக்கா இனிமே?"

அவளுக்கு ஆத்திரம் வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தப் பெட்டியைக் காட்டி முதலில் கேலி பேசுகிறவள் அவள்தான். அந்த உரிமையை அவள் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடவில்லை.

"எல்லாம் ஸ்க்ரூ போட்டதுதான். ஒவ்வொண்ணா கழட்டினா வந்துடும். நீ தள்ளிக்கோ" என்று தம்பியை நகர்த்திவிட்டுத் தானே திருப்புளியை எடுத்துக்கொண்டாள்.

பெட்டி என்று அவள்தான் சொல்வாள். அவர் சொல்வது காக்பிட். விமானத்தில் விமானி உட்காரும் இடத்தை வீட்டிலேயே செய்யப்போகிறேன் என்று அவர் முதன்முதலில் வாயைத் திறந்தபோது அவள் மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தாள். "காக்காப் பெட்டியா? காக்காவைப் புடிச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து வீட்டில் அதற்குக் காக்காப் பெட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவரே போனில் யாரிடமோ, "இப்ப காக்காப் பெட்டிக்குள்ள இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் இருந்த காலம் முழுக்க ஏறினார், இறங்கினார், எங்கேயும் போய்ச் சேரவில்லை. இதுவும் அவள் சொன்ன கேலிதான். நெஞ்சு மக்கர் செய்து வேலையை விட்ட பிறகு, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டை மகன் போட்டுக் கொடுத்தான். பொழுது போகட்டும் என்றுதான் போட்டான். இவருக்குப் பொழுது போதாமல் போய்விட்டது. விளையாட்டு என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கும். அதற்கென்று கடைகளில் விற்கும் சாமான்களை வாங்க நமக்குக் கட்டுபடியாகாது என்று தெரிந்ததும் அவர் சோர்ந்துபோகவில்லை. பொறுக்க ஆரம்பித்தார்.

அவள் இப்போது கழற்றிக்கொண்டிருந்த பக்கவாட்டுச் சுவர், படுக்கையறை அலமாரியின் இடது கதவு. ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தபோது அலமாரியில் கதவுக்குப் பதில் ஒரு திரை தொங்கியது. கேட்டதற்கு, "துணிக்குக் காத்தோட்டமா இருக்கும்ல?" என்றார். சாப்பாட்டு மேஜைக்கு நாலு நாற்காலி இருந்தது. ஒன்றின் காலை அறுத்து, பெட்டிக்குள் வலது பக்கம் இரண்டாவது சீட்டாக வைத்துவிட்டார். முன்பலகையில் வரிசையாக இருந்த குமிழெல்லாம் அவளுடைய ஷாம்பு பாட்டில் மூடிகள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடி, ஆடுகிறது என்று அவள் ஓரங்கட்டிய பிரஷர் குக்கரின் கைப்பிடி. ஸ்விட்சுகளுக்கு மட்டும் அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பழைய லிஃப்ட்களிலிருந்து கழித்துப்போட்ட பொத்தான்கள் ஒரு பை நிறைய வைத்திருந்தார். தரைத்தளத்துப் பொத்தானை அமுக்கினால் சக்கரம் இறங்கும். மூன்றாம் மாடியை அமுக்கினால் விளக்கு எரியும்.

"அம்மா, நான் கழட்டறேன், கொடு" என்றான் மகன்.

"உனக்கு எது எங்க இருக்குன்னு தெரியாது. இந்த மூலையில ஒண்ணு உள்பக்கமா போட்டிருக்காரு. அன்னிக்கு நான்தான் டார்ச் புடிச்சேன்."

கையை உள்ளே விட்டபோது அவர் தோள் அவள் கன்னத்தில் பட்டது. கழுத்தில் கிடந்த ஹெட்செட்டிலிருந்து மெல்லிய இரைச்சல் ஒன்று விடாமல் வந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பதிலாக எதிரே வைத்திருந்த பழைய டிவி, வெகுநேரம் யாரும் தொடாததால் தானாகவே அணைந்து கறுப்பாக இருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே எங்கேயோ விமானமும்.

அந்த இரைச்சலைக் கேட்டதும் அவள் கை ஒரு நிமிடம் நின்றது.

அவர் வைத்திருந்த சட்டங்களில் ஒன்று அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது. விமானம் பத்தாயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டால் காக்பிட்டில் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு கூடாதாம். நிஜ விமானிகளுக்கு உள்ள விதி என்பார். இறங்குகிற நேரமாகப் பார்த்து நீங்கள் போய் எதையாவது கேட்டால், சுவரிடம் பேசுகிற மாதிரிதான். தரையைத் தொட்டு, ஓடுபாதையை விட்டு விலகி, நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுத்தான் "என்ன சொன்னே?" என்று திரும்புவார். அதற்குள் கேட்டவளுக்குக் கேட்டதே மறந்து போயிருக்கும். மகன் ஒரு வாரம் போன் செய்யாவிட்டால், "ஐயா பத்தாயிரத்துக்குக் கீழ இருக்காரு போல" என்று அவள் சொல்லுமளவுக்கு அது வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது.

இன்று அந்தச் சட்டம்தான் அவளைக் கவிழ்த்துவிட்டது.

அந்த இரண்டாவது சீட்டில் வந்து உட்காரச் சொல்லி அவர் கூப்பிடாத நாள் கிடையாது. ஒரு தடவை வா, ஒரே ஒரு ஊருக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்பார். அவள், "நான் தரையிலயே இருந்துக்கறேன், யாராவது ஒருத்தர் சமைக்கணும்ல" என்பாள். சில காலம் கழித்து அவர் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார். காலியாக இருந்த சீட்டில் சாமான்கள் ஏறிக்கொண்டன. கருவிப் பெட்டி, வயர்ச் சுருள், மகன் தூக்கிக்கொண்டு வந்து வைத்த இன்வர்ட்டர் பேட்டரி.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார்கள். இனி ஆபரேஷன் தாங்காது, மாத்திரையிலேயே ஓட்டலாம், தண்ணீர் வாளியைக்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வந்து பார்த்தால் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. அவர் அதன் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ரிலே போயிருக்கும். சின்ன வேலைதான்" என்றார். பிறகு ஒவ்வொரு மாடியிலும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். அவள் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

இன்று காலை மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்குக் கிளம்பும்போது அவள் பெட்டி இருந்த அறையின் வாசலில் வந்து நின்றாள். அவர் முதுகு தெரிந்தது. திரை முழுக்க வெள்ளை மேகம். விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. டிபன் மேஜையில் இருக்கிறது என்று சொல்லத்தான் வந்தாள். சொன்னாள். போகத் திரும்பியவள், என்ன தோன்றியதோ, நின்று இன்னொன்றும் சொன்னாள்.

"நாளைக்கு எனக்கு லீவு. அந்த ரெண்டாவது சீட்டைக் காலி பண்ணி வைங்க. நானும் வர்றேன். எங்க வேணா கூட்டிட்டுப் போங்க."

பதில் இல்லை.

"காதுல விழுந்துச்சா?"

அதற்கும் பதில் இல்லை. பத்தாயிரத்துக்குக் கீழே என்று நினைத்துக்கொண்டாள். "சரி, எறங்கிட்டு சொல்லுங்க" என்று கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். மதியம் சாப்பிடத் திரும்பி வந்து கூப்பிட்டபோதும் பதில் இல்லை. அடுத்த ஊருக்குக் கிளம்பியாயிற்று போல என்று தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். பசி. நன்றாகவே சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்துதான் அவர் தோளைத் தொட்டாள். சாப்பிட்டதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. பயமாக இருந்தது. இத்தனை வருஷம் மாட்டேன் மாட்டேன் என்றவள் கடைசியில் வருகிறேன் என்று சொன்னபோது, கேட்பதற்கு அவர் இருந்தாரா, இல்லையா? பிணத்தின் முதுகைப் பார்த்துத்தான் சொல்லிவிட்டுப் போனேனா? அவளுக்கு இப்போது தெரிய வேண்டியது அது ஒன்றுதான். யாரிடம் கேட்பது?

கதவைக் கழற்றி மகனிடம் கொடுத்தாள். முன்பலகைக்கு அடியிலிருந்த குறுக்குச் சட்டத்தில் இரண்டு ஸ்க்ரூ. அதையும் எடுத்தாள். தம்பி மறுபக்கமாக உள்ளே புகுந்து, இரண்டாவது சீட்டில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு, அத்தானின் கால்களை மெதுவாக விடுவித்தான். கால்கள் முழுதாக மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை.

"பார்த்து, பார்த்து" என்றாள் அவள், வலிக்கும் என்பதுபோல.

மகன் ஹெட்செட்டை எடுத்து முன்பலகையில் வைத்தான்.

"டேய், அதை மாட்டிக்கிட்டா வெளிய பேசறது கேக்குமா?"

"தெரியலைம்மா. எவ்வளவு சத்தமா வெச்சிருந்தாரோ. ஏன்?"

"சும்மாதான்."

மூன்று பேருமாக அவரைத் தூக்கி ஹாலில் கட்டிலில் கிடத்தினார்கள். அவர் அவ்வளவு லேசாக இருப்பார் என்று அவள் நினைக்கவில்லை. முழங்காலைத் தம்பி அழுத்தி அழுத்தி நீட்டினான். அவள் பார்க்காமல் தலையணை உறையைச் சரி செய்தாள். எதிர்வீட்டு அம்மாள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாரே" என்று அழுதாள். ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்வதுதான். அவளுக்குச் சுருக்கென்றது.

போர்த்துவதற்குப் போர்வை எடுக்கப் போனவள் அந்த அறை வாசலில் நின்றுவிட்டாள். கழற்றிய கதவைச் சுவரோரம் சாய்க்கப் போன மகன், தரையில் கிடந்த பேட்டரியில் கால் இடித்துக்கொண்டு நொண்டினான்.

"மாமா, இதையெல்லாம் இப்படி வழியிலயா எறக்கி வைப்பீங்க? கொஞ்சம் ஓரமா வெச்சிருக்கலாம்ல?"

ஹாலிலிருந்து தம்பி எட்டிப் பார்த்தான். "நான் எதையும் தொடலப்பா. நான் வந்தப்பவே சீட்டு காலியாத்தான் இருந்துச்சு."

அவள் பார்த்தாள். கருவிப் பெட்டி, வயர்ச் சுருள், பேட்டரி, மூன்றும் சுவர்ப் பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் இருந்தன. பேட்டரி மட்டும் சுவர் வரைக்கும் போய்ச் சேரவில்லை. இரண்டாவது சீட்டில், தம்பியின் முழங்கால் பட்ட இடம் போக மற்றதெல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. துடைத்த துணி நாற்காலியின் முதுகில் மடித்துத் தொங்கியது.

கேட்டிருக்கிறார்.

நெஞ்சுக்குள் என்னவோ இளகி, ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. வெட்கமில்லாத சந்தோஷம். அப்புறம் பார்வை மறுபடி பேட்டரிக்குப் போனது. அதை இந்த மாடிக்குத் தூக்கி வந்த அன்று மகனே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மகனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா... இதை யாரு எறக்கினது? அப்பா கனம் தூக்கக் கூடாதுன்னு நேத்துதானே—"

"நான்தான்" என்றாள் அவள்.

"நீயா?"

"காலையில, போறதுக்கு முன்னாடி. பெருக்கறதுக்காக எடுத்து வெச்சேன். அதுக்கு என்ன இப்ப?"

மகன் அவள் மணிக்கட்டைப் பார்த்தான், பேட்டரியைப் பார்த்தான். நம்பினானோ இல்லையோ, மேலே கேட்கவில்லை. குனிந்து அதை மூச்சைப் பிடித்துத் தூக்கிச் சுவரோரம் நகர்த்தினான். "கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிடறேன். காலையிலிருந்து ஓடுது" என்று ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டான்.

நீளமான ஒரு தார்ச் சாலை தெரிந்தது. இரண்டு ஓரமும் விளக்குகள். விமானம் சாலையின் நட்ட நடுவே நின்றுகொண்டிருந்தது.

"எறங்கியிருக்காரு" என்றான் மகன். பலகையில் எரிந்த ஒரு சிவப்பு விளக்கைக் குனிந்து பார்த்தான். "பிரேக் எல்லாம் போட்டு ஒழுங்காத்தான் நிறுத்தியிருக்காரு. ஆனா ரன்வேயிலயே ஏன் விட்டாருன்னு தெரியல. அப்பா அப்படி விடமாட்டாரே. ஓரங்கட்டாம எழுந்திரிக்கவே மாட்டாரே."

அவளுக்குத் தெரிந்தது. அவ்வளவு சட்டம் பேசுகிற மனுஷன், சக்கரம் தரையைத் தொட்டதும் அப்படியே போட்டுவிட்டு எழுந்திருக்கிறார்; சீட்டைக் காலி பண்ணிய பிறகுதான் ஓரங்கட்டத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார். நாளைக்குச் செய்ய வேண்டிய வேலைக்கு இன்றைக்கே என்ன அவசரம்? அவள் மனசு மாறிவிடும் என்று பயந்திருப்பாரோ? மாறக்கூடியவள்தான். அது அவருக்குத் தெரியும்.

மகன் கை சுவர் ஸ்விட்சுக்குப் போனது.

"இரு" என்றாள். "அப்படியே அணைச்சா?"

"அணைஞ்சிடும். வேறென்ன?"

"நட்டநடு ரோட்டுல வழியை மறிச்சுட்டு நிக்குது. பின்னாடி யாராவது எறங்க வேண்டாமா?"

"அம்மா, அது நிஜமில்ல."

"எனக்குத் தெரியும். எப்படி ஓரங்கட்டறதுன்னு சொல்லு."

அவள் பெட்டிக்குள் நுழைந்து இரண்டாவது சீட்டில் உட்கார்ந்தாள். கால் அறுத்த நாற்காலி தாழ்வாக இருந்தது. முழங்கால் மார்புக்கு வந்தது. பக்கத்து டாக்சி சீட்டில் அவர் உட்கார்ந்த பள்ளம் இன்னும் நிமிரவில்லை. மகன் ஹெட்செட்டை எடுத்து அவள் தலையில் மாட்டிவிட்டு, வாசல் பக்கம் பின்னால் போய் நின்றான். என்ஜின் சத்தம் காதை நிறைத்தது. ஹாலில் அழுதுகொண்டிருந்தவர்களின் குரல் சற்று அமுங்கியது.

"பிரேக்கை விடு. உன் இடது கை பக்கம், சைக்கிள் பிரேக் மாதிரி இருக்குல்ல, அது. ம். இப்ப குக்கர் கைப்பிடியைக் கொஞ்சமா முன்னால தள்ளு."

வாசலிலிருந்து மகன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அவள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு கைப்பிடியைத் தள்ளினாள்.

விமானம் நகர்ந்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் பால்பவுடர் டப்பா மூடி ஒன்று திருகுவதற்கு வாகாகப் பொருத்தியிருந்தது. அதைத் திருப்பினால் மூக்கு திரும்பும் என்றான். கொஞ்சம் திருப்பச் சொன்னால் அவள் நிறையத் திருப்பினாள். விமானம் ஆடிக்கொண்டே புல்லில் இறங்கியது.

"அம்மா, புல்லு, புல்லு!"

"ரோடு போட்டவன் கொஞ்சம் அகலமா போட்டா என்ன?"

மகன் சிரித்துவிட்டான். சிரித்த உடனே மூக்கை உறிஞ்சினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூடியைத் திருப்பித் திருப்பிச் சாலைக்குக் கொண்டுவந்தாள். மஞ்சள் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னான். போனாள். வலது பக்கம் ஒரு திருப்பம், பிறகு இடது. தூரத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"அக்கா" என்று ஹாலிலிருந்து தம்பி கூப்பிட்டான். "ஐஸ்பெட்டி வண்டிக்காரங்க வந்துட்டாங்க. வெளிய வா."

மகன், "வர்றோம் மாமா" என்றான்.

திரையில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால், விமானத்துக்கு வழிகாட்டும் ஆள் ஒருவன் நின்றிருந்தான். இரண்டு கையிலும் வெளிச்சக் குச்சி. அவளைத்தான் பார்த்துக்கொண்டு, வா வா என்று தலைக்கு மேலே அசைத்தான். அவள் கைப்பிடியைக் குறைத்து, நடந்து போகிற வேகத்தில் அவனிடம் போனாள். கிட்டே வந்ததும் அவன் இரண்டு குச்சியையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்து அப்படியே நின்றான்.

"நிறுத்தச் சொல்றான். பிரேக். ம்... இப்ப அந்தச் சிவப்புப் பொத்தான்" என்றான் மகன்.

எந்த லிஃப்டிலிருந்தோ வந்த பொத்தான். நடுவில் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. அவள் அமுக்கினாள். காதுக்குள் இரைச்சல் ஒரு படி இறங்கியது, இன்னொரு படி இறங்கியது, நெடுநேரம் இறங்கிக்கொண்டே இருந்து நின்றது. ஹாலில் கட்டிலை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

திரையில் அந்த ஆள் கைகளைக் கீழே போட்டான். திரும்பி, விமானத்தின் இறக்கைக்கு அடியில் நடந்து போனான். அவன் ஓரம் தாண்டி மறைகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.